பலகையின் அடியில் எழுதிய எண்

என் சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு மனைப்பலகை கிடக்கிறது. கால் இல்லாத தட்டைப் பலகை. சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். கல்யாணமாகி பம்பாய்க்கு ரயிலேறியபோது என் அம்மா கொடுத்துவிட்ட சாமான்களில் இதுவும் ஒன்று. நாற்பது வருஷம் உட்கார்ந்து எழுந்து நடுவில் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால், அடியில் ஓர் ஓரமாக நீல மையில் 11 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். என் மகள் இதைப் பாலிஷ் போடக் கொடுக்கலாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றேன். என்ன காரணம் என்று அவள் கேட்கவில்லை. அதை எழுதியவர் ஒரு மேடம். பூமி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

அப்போது நான் செம்பூரில் இருந்தேன். மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. இருந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் தாராவியில் பட்டறை வைத்துப் பிழைத்து, கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் இந்தப் பக்கம் குடிவந்த திருநெல்வேலிக்காரர்கள். என் வீட்டுக்காரரும் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டியவர்தான். அவர் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி சான்பாடா போன பிறகு, மூன்றாம் மாடியில் நான் தனியாக இருந்தேன். மொட்டை மாடிக்கு அடுத்த வீடு என்பதால் மாடிச் சாவி என்னிடம் இருக்கும். அந்தச் சாவிக்காகத்தான் ஒருநாள் மேடம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, தோளில் பெரிய பை. பின்னால் இரண்டு ஆட்கள் அலுமினியத் தகடுகளைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நின்றார்கள்.

மூன்று தகடுகளையும் ஒரு மூலையில் சேர்த்தால், சுவரின் மூலையைத் தனியாக வெட்டி எடுத்து வைத்தது போல இருந்தது. அதற்கு அடியில் ஒரு சதுரத் தட்டு. அதைத் தரையோடு திருகுபோட்டு முடுக்க வேண்டும் என்றார் மேடம். எங்கள் குடியிருப்புச் சொசைட்டி சேர்மன் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "மாடியில ஓட்டை போட்டா மழைக்கு ஒழுகும் மேடம். அப்புறம் மூணாம் மாடி மைனி என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ" என்று என்னைக் கை காட்டினார். கடைசியில் சதுரத் தட்டின் மேல் நாலு சிமென்ட் கட்டிகளை ஏற்றி வைத்துப் பின் மூலையில் நிறுத்தினார்கள். "இதுல கிரிக்கெட் வருமா?" என்று அண்ணாச்சி கேட்க, மேடம் சிரிக்காமல் "வராது சார், ஆனா நீங்க கீழ இறங்கினா தெரியும்" என்றார். ஆட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஆட்கள் போன பிறகு மேடத்துக்குக் காப்பி கொடுத்தேன். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் வேறு, என் தமிழ் வேறு. நான் எட்டாவதுதான் படித்தவள் என்று தெரிந்தும், எனக்குப் புரிகிறவரை சொன்னார். "மேல ஒரு சாட்டிலைட் சுத்திண்டிருக்கு அக்கா. பன்னண்டு நாளைக்கு ஒரு தடவை, காத்தால ஆறு மணிக்கு மேல, இதே இடத்தைத் தாண்டிப் போகும். அது போட்டோ எடுக்கறதில்லை. ஒரு அலையைக் கீழ அனுப்பும், இந்தத் தகடு அதை அப்படியே திருப்பி அனுப்பும். போன தடவை திரும்பி வந்ததுக்கும் இந்தத் தடவை வந்ததுக்கும் உள்ள வித்யாசத்தை வெச்சு, தரை ஒரு தீக்குச்சி கனம் இறங்கியிருந்தாக்கூட சொல்லிடலாம்." மழை பெய்தாலும், மேகம் மூடினாலும் அதற்கு ஒன்றும் இல்லையாம். புறா எச்சம் சேரக்கூடாது, மூலையில் தண்ணீர் நிற்கக்கூடாது, ஒருவரும் அசைக்கக்கூடாது. அவ்வளவுதான் என் வேலை. "சாவி உங்ககிட்டதானே இருக்கு, பாத்துக்கறேளா?" என்று கேட்டார். என்னை ஒருவர் ஒரு வேலைக்கு நம்பிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து என் நாட்காட்டியில் சஷ்டி, கார்த்திகை, பிரதோஷத்தோடு இன்னொரு நாளும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தாளில் பென்சிலால் சின்ன முக்கோணம் போட்டுவைப்பேன். அந்த நாளில் இருட்டோடு குளித்து, விளக்கேற்றி, ஈரத்துணியோடு மாடிக்குப் போய்த் தகடுகளைத் துடைப்பேன். அது கிழக்கே பார்த்து, கொஞ்சம் அண்ணாந்து நிற்கும். கோயிலில் சாமி கிழக்கே பார்த்திருப்பது போலவே எனக்குத் தோன்றும். வெயிலின் முதல் சிவப்பு அந்த மூன்று தகடுகளிலும் ஒரே நேரத்தில் விழும். மேலே ஒன்றும் தெரியாது, சத்தமும் இருக்காது. ஆனாலும் ஏதோ ஒன்று இந்த இடத்தைத் தேடிக் கூப்பிடுகிறது, இதுவும் "இருக்கேன்" என்று பதில் சொல்கிறது என்ற நினைப்பே மனசுக்கு ஆதரவாக இருந்தது. நாள் முழுக்க ஒரு குரல்கூடக் கேட்காத வீட்டில் இருக்கிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கை கூப்பிவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

மேடம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வந்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து நான் கொடுக்கும் இட்லியை மிளகாய்ப்பொடியில் தோய்த்துச் சாப்பிடுவார். அவருடைய அப்பா காலமான பிறகு மாட்டுங்கா வீட்டில் அவர் ஒண்டியாகத்தான் இருந்தார். "ஒருத்திக்கு மட்டும் இட்லிக்கு அரைச்சா மாவு புளிச்சுப் போறது அக்கா" என்றார் ஒருநாள். எனக்கு அது தெரியாதா? நான் அடுத்த தடவையிலிருந்து ஒரு டப்பாவில் மாவு கட்டிக் கொடுத்தனுப்பினேன். இன்னொரு நாள், "தரை சத்தமே போடாது. ஒத்தரும் பாக்காதப்போ கொஞ்சம் கொஞ்சமா இறங்கிண்டே இருக்கும்" என்றார். மண்ணைப் பற்றித்தான் சொன்னாரா என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு வருஷம் ஆன பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினார். எங்கள் கட்டடத்தின் முன்பக்கம் பெரிசாக அசையவில்லை. பின் மூலை மட்டும் வெயில் காலத்தில் இறங்குகிறது, மழை வந்தால் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் இறங்கிய அளவுக்கு ஏறுவதில்லை. "இந்த ஏரியாவே ஒரு காலத்துல சதுப்பு நிலம் அக்கா, மேல மண்ணைக் கொட்டி நிரப்பினது. கீழ இருக்கற தண்ணியை எடுத்தா, ஈரத்துணியைப் பிழிஞ்சா மாதிரி மண்ணு சுருங்கும். பின்னாடி இருக்கே உங்க போர்வெல், அதை நிறுத்தணும். இந்தத் தெருவுலயே மொத மொதல்ல போர் போட்டது இங்கதானாம். யார் போட்டாளோ, அதைப் பாத்துத்தான் மத்தவாளும் போட்டிருக்கா." நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன்.

அதைப் போட்டவர் என் வீட்டுக்காரர். அவர் சொசைட்டி செக்ரட்டரியாக இருந்த வருஷம் குழாயில் காற்றுதான் வந்தது. பெண்கள் குடத்தோடு மூன்று தெரு நடந்தோம். அவர் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அனுமதி வாங்கி, தேங்காய் உடைத்து, போர் போட வைத்தார். தண்ணீர் பீறிட்டு வந்தபோது சேறு தெறித்த சட்டையோடு அவர் நின்ற கோலம் என் கண்ணிலேயே இருக்கிறது. கட்டடமே அவரை வாழ்த்தியது. அவர் இருந்தார் என்பதற்கு அங்கே மிச்சம் இருந்த அடையாளம் அந்த மோட்டார் சத்தம் ஒன்றுதான். காலையில் அது ஓட ஆரம்பித்தால், அவர் எழுந்து நடமாடுகிற மாதிரி எனக்கு இருக்கும்.

அந்த வருஷம் ஆயுதபூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு வேலை செய்கிற எல்லாச் சாமானும் பூஜைக்கு வரும். தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணை, ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. மாடியில் ராப்பகலாக வேலை செய்கிற அதை மட்டும் விட்டுவிட மனம் ஒப்பவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன், அலுமினியம் பளபளவென்று ஆனது. பொட்டு வைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அது வெறும் தரையில் நிற்கிறது. பூஜையில் வைக்கிற எதையும் வெறும் தரையில் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, சிமென்ட் கட்டிகளை இறக்கி, இருவருமாகத் தூக்கி, அடியில் என் மனைப்பலகையைத் தள்ளிவிட்டு, கட்டிகளைத் திரும்ப ஏற்றிவைத்தோம். சாமி கும்பிட்டோம், சுண்டல் கொடுத்தேன். மறுநாளே எடுத்திருக்க வேண்டும். பலகையில் உட்கார்ந்து அது கிழக்கே பார்ப்பது அத்தனை லட்சணமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். நாட்காட்டியில் மூன்று முக்கோணம் தாண்டியது. மேடம் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வெல்லை நிறுத்தச் சொல்ல, சொசைட்டி மீட்டிங்குக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அசைத்ததற்குத் திட்டுவாரே என்று பயந்து, மறுபடி வாட்ச்மேனோடு கட்டிகளை இறக்கி, பலகையை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

மீட்டிங் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்தது. மேடம் ஒரு பெரிய தாளில் அந்தக் கோட்டை அச்சடித்துக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். சேர்மன் அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ஒரு சிவில் எஞ்சினியரைக் கூட்டி வந்திருந்தார். அவர் கோட்டின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க பாருங்க. வருஷம் பூரா இறங்குச்சுன்னு சொல்லுறீங்க. தீபாவளி நேரத்துல திடீர்னு மேல ஏறுது, வருஷம் முழுக்க இறங்குனதவிட அதிகமா ஏறுது. அப்புறம் தொப்புனு கீழ விழுது. இது பில்டிங்கா, லிஃப்ட்டா மேடம்?" அண்ணாச்சி தொடையைத் தட்டி, "நம்ம பில்டிங்ல லிஃப்ட் இல்லன்னு இனிமே எவனாவது சொல்லட்டும்!" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மேடம் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தில் என் முகத்தைத் தேடினார்.

"அக்கா, யாராவது அதை நகர்த்தினாளா?"

பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு நொடியில் மோட்டார் சத்தம் என் காதில் கேட்டது. கோடு தப்பென்று ஆனால் போர் நிற்காது. "இல்ல மேடம், ஒருத்தரும் தொடல" என்றேன். விபூதி பூசிய விரலோடு சொன்னேன். விஷயம் தெரிந்த வாட்ச்மேன் கேட்டில் இருந்தான். அவர் சரி என்று தலையாட்டினார். என்னை நம்பினார். தாளைச் சுவரிலிருந்து கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு, "எனக்கே புரியலை, மன்னிச்சுக்கோங்கோ" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மாவு டப்பாவை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தகடு மாடியிலேயே நின்றது. நான் பழையபடி துடைத்தேன், ஆனால் கை கூப்ப முடியவில்லை. மாவு புளித்தது, கொட்டினேன். அடுத்த வெயில் காலத்தில், தரைத்தளப் பின்பக்க வீட்டில் இருந்த டெய்லர் பெண்டாட்டி, "மைனி, கதவு மறுபடியும் பிடிக்கி" என்று சொன்னாள். அதற்கு முன்பே ஆசாரி வந்து இரண்டு தடவை கதவை இழைத்துவிட்டுப் போயிருந்தான். ஒருநாள் காலையில் அவளும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே இருக்க, கதவு அப்படியே இறுகிக்கொண்டது. நானும் வாட்ச்மேனும் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினோம். "பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நல்ல சாக்கு கிடைச்சிட்டு மைனி" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். கால் மணி ஆனதும் அவள் சிரிப்பு நின்றது. கதவிடுக்கில் நாலு விரல் வெளியே வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்துபோயிருந்தது. கதவு திறந்த பிறகு நிலையைப் பார்த்தேன். மேல்சட்டம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் போர்வெல்.

அடுத்து வந்த சஷ்டியன்று கோயிலுக்குப் போனேன். முருகன் முன்னால் நின்றபோது வாய் திறக்கவில்லை. அவனிடம் சொல்லி என்ன, சொல்ல வேண்டிய இடம் வேறு அல்லவா? வீட்டுக்கு வந்து மனைப்பலகையையும் அந்த வருஷத்து நாட்காட்டித் தாள்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மாட்டுங்காவுக்கு பஸ் ஏறினேன். மேடம் வீட்டு விலாசம் அவர் கொடுத்த அட்டையில் இருந்தது. கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார். "வாங்கோ அக்கா" என்றார், நேற்றுத்தான் பார்த்தது போல.

உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. பலகையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இதத்தான் மேடம் அடியில வச்சேன். ஆயுதபூஜையன்னைக்கு வச்சது. மூணு தடவை சாட்டிலைட் போச்சு. நீங்க வாரீயன்னதும் எடுத்திட்டேன். மீட்டிங்ல பொய் சொன்னேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முக்கோணம் போட்ட தாள்களையும் எடுத்து வைத்தேன்.

மேடம் பலகையைக் கையில் எடுத்தார். பிறகு டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கனத்தை அளந்தார். லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். மறுபடி அளந்தார். பலகையைத் திருப்பி அடியில் 11 என்று எழுதி வட்டமிட்டார். பதினொரு மில்லிமீட்டர், கோடு ஏறியிருந்ததும் சரியாக அத்தனைதான். "ஆபீஸ்ல இந்த எடத்தையே லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டா. என் கணக்கு தப்பா, தகடு தப்பா, இல்லை எனக்குத்தான் புத்தி பேதலிச்சுடுத்தான்னு இந்த ஆறு மாசமா இங்க ஒண்டியா உக்காந்து கேட்டுண்டிருந்தேன் அக்கா." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போர் போட்டது எங்க வீட்டுக்காரரு மேடம்" என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டியிருந்தது.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "அவருக்கு இது தெரியாது. தாகத்துக்குத் தண்ணி குடுத்தார். நமக்குத்தான் தெரிஞ்சுடுத்து" என்றார். எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். கொஞ்சம் கருகல் வாடை அடித்தது. இருவரும் அதையே குடித்தோம்.

இரண்டாவது மீட்டிங்கில் மேடம் ஒட்டிய தாளில் அந்த மேடு இல்லை. பலகையின் கனத்தைக் கழித்ததும் கோடு பழைய சாய்விலேயே கீழே போயிருந்தது, டெய்லர் வீட்டுக் கதவு இறுகிய மாதத்தில் இன்னும் கொஞ்சம் கீழே. அந்த மேடு எப்படி வந்தது என்று நான்தான் எழுந்து சொன்னேன், எல்லார் முன்னாலும், பலகையைத் தூக்கிக் காட்டி. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. சேர்மன் அண்ணாச்சி, "மைனி, அண்ணன் போட்ட போரு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நிறுத்திருங்க அண்ணாச்சி" என்றேன். மோட்டாரைக் கழற்றிய அன்று போர்வெல் வாயில் ஒரு கற்பூரம் ஏற்றிவைத்தேன். மழைக்கு முன்னால் பின்பக்க வீடுகளைக் காலி செய்தார்கள். பிறகு அதிகாரிகள் வந்து தட்டிப் பார்த்து, மொத்தக் கட்டடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் ஏற்றிப் போனது. டெய்லர் குடும்பம் உல்லாஸ்நகருக்குப் போயிற்று. கிளம்பும்போது அவள் என் விரலை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள். கடைசியாக இறங்கியவள் நான். மாடிச் சாவியைக் கொடுக்க ஆள் இல்லாமல் கையிலேயே கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது சான்பாடாவில் மகள் வீட்டில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். மகளும் மருமகனும் எட்டு மணிக்குப் போனால் இரவுதான் வருவார்கள். நல்ல பிள்ளைகள், ஒரு குறை சொல்ல முடியாது. இந்த வீட்டில் மோட்டார் எங்கே ஓடுகிறது என்றே தெரியாது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மேடத்தை வடக்கே ஏதோ ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் தரை இறங்குகிறதாம். போன ஆயுதபூஜைக்கு போன் செய்தார். "அக்கா, உங்க பழைய கட்டடத்தைப் பாத்தேன். தகடு இன்னும் அங்கேயேதான் நிக்கறது. துடைக்க ஆளில்லை போலருக்கு, கொஞ்சம் மங்கலாத்தான் பதில் வர்றது. ஆனா கோடு நேராயிடுத்து. இறங்கறது நின்னுடுத்து." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அந்தப் போர்வெல்லில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். இறைக்க ஆள் இல்லை. எல்லாரும் வெளியேறிய பிறகு வீடு அசையாமல் நிற்கிறது.

இன்றைக்கும் நாட்காட்டியில் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முக்கோணம் போடுகிறேன். அந்தக் காலையில் குளித்து விளக்கேற்றி, இந்தப் பலகையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். தண்டவாளத்துக்கும் கழிமுகத்துக்கும் அந்தப் பக்கம், செம்பூரில் பூட்டிய மாடி ஒன்றை அந்தச் சாட்டிலைட் இந்நேரம் கூப்பிட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பலகையைத் துடைத்து வைப்பேன். மேல்பக்கம் மட்டும்தான் துடைக்கிறேன்.